ஓவேலியில் ஒரு டிரங்குப் பெட்டி

கூடலூர்ப் பேருந்து நிலையத்தில் ஓவேலிப் பேருந்து எது என்று கேட்டேன். "ஓவேலியில எங்கங்க?" என்று திருப்பிக் கேட்டார் நேரக் காப்பாளர். ஓவேலி என்று தனியாக ஓர் ஊர் இல்லை. சூண்டி, கெல்லி, பார்வுட், நியூ ஹோப், ஆரோட்டுப்பாறை, எல்லமலை, பெரியசோலை என்று மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கும் தோட்டங்களையும் குடியிருப்புகளையும் சேர்த்துத்தான் ஓவேலி பேரூராட்சி என்கிறார்கள். பெயரே வெள்ளைக்காரர் ஒருவருடையது. 1840களில் நீலகிரியை அளந்த ராணுவ அதிகாரி ஜான் ஆக்டர்லோனி. அவர் சகோதரர் ஜேம்ஸ் இந்தப் பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் போட்டார். நிலம் நிலம்பூர் கோவிலகத்துக்கு உரியது. 'ஆக்டர்லோனி வேலி' என்று அவர்கள் எழுதியது 'ஓ வேலி' எனச் சுருங்கி, தமிழ் வாயில் ஒரே சொல்லாகிவிட்டது. அவர்கள் சொன்ன வேலி பள்ளத்தாக்கு. நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லையும் முள்ளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஓவேலிக்கு அந்தப் பொருளும் பொருந்தும் என்று போன பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் போனது ஏப்ரல் கடைசியில். முதல் நாள் ஊட்டியில் தங்கி, காலையில் பைக்காரா, நடுவட்டம் வழியாக இறங்கினேன். ஊசிமலைப் பக்கம் வரும்போது மேட்டு நிலம் சட்டென்று முடிந்து கூடலூர் கீழே விரிகிறது. வலப்பக்கம் முதுமலைக் காடு. இடப்பக்கம் நீலகிரியின் மேற்குச் சுவர் செங்குத்தாக இறங்குகிறது. அதன் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைக் கிண்ணம்தான் ஓவேலி. அங்கே பெய்யும் மழை பாண்டியாற்றில் இறங்கி, புன்னம்புழையோடு சேர்ந்து, கேரளத்துச் சாலியாற்றுக்குப் போய்விடுகிறது. கோடை மழை இரண்டு முறை பெய்திருந்ததால் காப்பிச் செடிகளில் பூ உதிர்ந்த இடமெல்லாம் பிஞ்சு பிடித்திருந்தது.

ஏப்ரல் கடைசியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1977 ஏப்ரல் 26ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கறிஞர் காலமானார். சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். ஈழத்தமிழர்களுக்குத் தந்தை செல்வா. யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்கும் அவருடைய நினைவுத் தூணை முன்பு ஒருமுறை பார்த்தேன். வெயிலில் அண்ணாந்து நின்றபோது, இவருடைய அரசியல் வாழ்க்கையின் முதல் பெரிய வழக்கு எந்த மக்களுக்காகவோ, அந்த மக்களில் ஒருவர்கூட இந்தத் தூணுக்கு அருகில் குடியிருக்கவில்லையே என்று தோன்றியது. அவர்கள் தேயிலைத் தோட்டத்து மக்கள். ஒரு பகுதியினர் ஹட்டனிலும் பதுளையிலும் இருக்கிறார்கள். இன்னொரு பகுதியினர் கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். அந்தப் பெரிய மனிதருக்கு மரியாதை செய்ய வேண்டுமானால் இங்கேயும் ஒருமுறை வரவேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன். வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

பேருந்தில் பாதிப் பேச்சு தமிழ், பாதிப் பேச்சு மலையாளம். முன்னிருக்கையில் இருந்த பெண்கள் பேசிய தமிழில் மட்டும் வேறொரு சாயல் இருந்தது. "கோச்சி", "லயம்", "பெரட்டு" என்று சொற்கள் வந்து விழுந்தன. கூடலூர்க்காரர்கள் தோட்டத்து வரிசை வீட்டைப் 'பாடி' என்பார்கள். 'லயம்' என்று சொன்னால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் என்று பொருள். பேசியவருக்கு முப்பது வயது இருக்கும். இங்கேயே பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். தாயின் வாயிலிருந்து வந்த சொல்லாக இருக்கும்.

இறங்கிய இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த வீட்டை யாரும் கண்டுபிடித்துவிடலாம். தேயிலைக்கு நடுவே சரிவில் பத்துப் பதினைந்து வீடுகள். வழி கேட்க நின்ற வாசலில் ஓர் அம்மா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வக்கீலா தம்பி?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப சர்வேயா?"

அதுவும் இல்லை, ஊர் பார்க்க வந்தேன், சிலோனிலிருந்து வந்த பெரியவர்கள் இருந்தால் பேச வேண்டும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. உள்ளே திரும்பி, "இந்தா, உங்களைத்தான் பாக்க வந்திருக்காங்க" என்றார். பெரியவர் ஒருவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். எண்பதை நெருங்கும் வயது. விரல் நுனிகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை.

தேநீர் வந்தது. சர்க்கரை இல்லாத சாயத் தண்ணீர், கடித்துக்கொள்ளக் கையில் ஒரு வெல்லத் துண்டு. தோட்டத்து வழக்கம் அது. கொஞ்ச நேரம் கொழுந்து விலை, யானை, மழை என்று பேசிய பிறகு கேட்டேன்: "அப்புக்காத்து செல்வநாயகம் ஐயாவைத் தெரியுமா ஐயா?" வழக்கறிஞரை அப்புக்காத்து என்று அழைப்பது இலங்கைத் தமிழ். அந்தச் சொல்லைக் கேட்டதுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டிருக்கேன் தம்பி. யாப்பாணத்து ஐயா. ஆனா எங்களுக்குத் தொண்டமான் ஐயாவைத்தான் நல்லாத் தெரியும். தோட்டத்துல சங்கம்னா அவருதான்."

நான் எதிர்பார்த்துவந்த பதில் அதுவல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உண்மையான பதில் அதுதான். மலையகத் தமிழரின் சொந்தத் தலைமை அவர்களுக்குள்ளிருந்தே வந்தது. 1952இல் வாக்குரிமை கேட்டுக் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அவர்களே. செல்வநாயகம்தான் அவர்களைக் காத்தார் என்று எழுதினால் இரு தரப்புக்கும் அநியாயம் ஆகிவிடும்.

பெரியவர் ஒரு வாய் தேநீர் குடித்தார். பிறகு, "எங்கப்பா ஒண்ணு சொல்லுவாரு. நமக்கு ஓட்டு இல்லேன்னு ஆனப்புறமும் நம்மளைப் பத்திப் பேசுன அப்புக்காத்து ஒருத்தர் யாப்பாணத்துல இருந்தாருன்னு. அது இவருதானா?" என்றார்.

"இவர்தான் ஐயா."

செல்வநாயகம் 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். தந்தை பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர். நான்கு வயதில் தாயோடு தெல்லிப்பழைக்கு வந்து, அங்கும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை வெளிமாணவராக எழுதி வாங்கினார். ஆசிரியராக வேலை பார்த்தபோது, சாகக் கிடந்த தம்பியைப் பார்க்க விடுப்புக் கிடைக்காததால் அந்த வேலையை விட்டார். 1923இல் வழக்கறிஞரானார். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் சொத்து, நில வழக்குகளில் பெயர் எடுத்தார். 1947இல் மூத்த வழக்கறிஞருக்குரிய 'கே.சி.' சிறப்பும் வந்தது, காங்கேசன்துறைத் தொகுதியில் வெற்றியும் வந்தது. மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். பிற்காலத்தில் நடுக்குவாத நோயும் சேர்ந்துகொண்டது. மேடையை அதிரவைக்கும் பேச்சாளர் அல்லர். அவரைக் கேட்க வேண்டுமானால் கூட்டம் அமைதியாக இருந்தாக வேண்டும். கூட்டமும் அப்படியே இருந்தது.

அவருடைய தொகுதியில் விவசாயிகள் உண்டு, மீனவர்கள் உண்டு, புகையிலை வியாபாரிகள் உண்டு. தேயிலை கிள்ளுகிறவர் ஒருவரும் இல்லை.

1948 பிப்ரவரி 4இல் இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் வந்தது 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அதன்படி இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதை எழுத்தில் காட்டவும் வேண்டும். லயத்தில் பிறந்து, லயத்தில் இறந்து, கங்காணியின் பேரேட்டைத் தவிர வேறெங்கும் பெயர் பதியாத மக்களிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது அந்தச் சட்டம். சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். ஈப்போவில் பிறந்த செல்வநாயகத்துக்கே அந்தச் சட்டத்தின் கீழ்த் தந்தையும் பாட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டியிருந்தது. அவருடைய குடும்பத்துக்கு ஊரும் கோயிற்பற்றும் பதிவேடும் இருந்தன. இந்த வேறுபாடு எத்தனை மெல்லியது என்பது சொத்துப் பத்திரங்களிலேயே வாழ்ந்த அந்த வழக்கறிஞருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நாடாளுமன்றத்தில் அவர் எழுந்து பேசியதன் சாரம் ஓர் எச்சரிக்கை. இன்று இந்த மக்களுக்கு நேர்வது நாளை மொழிப் பிரச்சினை எழும்போது வடக்கு கிழக்குத் தமிழருக்கும் நேரும் என்றார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அவர் சொன்னதை எல்லாரும் நினைத்துப் பார்த்தார்கள். எனக்கு அந்தத் தீர்க்கதரிசனத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்த காரியம். அவருடைய கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், இலங்கையின் மிகச் சிறந்த குற்றவியல் வழக்கறிஞர்களில் ஒருவர், 1948 செப்டம்பரில் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடத்தார் குடியுரிமை மசோதா வந்தது. பொன்னம்பலம் ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார். ஆளும் தரப்பின் தயவு, பதவி வாய்ப்பு, கட்சிக்குள் நட்பு எல்லாம் அந்த ஒரு வாக்கோடு போயின. கு. வன்னியசிங்கத்தோடும் இ. மு. வி. நாகநாதனோடும் சேர்ந்து 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சி பிறந்ததற்கு உடனடிக் காரணம் யாழ்ப்பாணத்துப் பிரச்சினை எதுவும் இல்லை, மலைநாட்டுக் கொழுந்துக்காரர்களின் குடியுரிமை. இதை அந்தக் கட்சியின் வரலாற்றைப் பேசுகிறவர்களே பல நேரம் விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

1947 தேர்தலில் மலையகத் தமிழரின் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு மலைநாட்டில் 7 இடங்கள் கிடைத்திருந்தன. 1952 தேர்தலில் ஓர் இடமும் இல்லை, ஏனென்றால் வாக்காளர்களே இல்லை. அதே தேர்தலில் செல்வநாயகமும் காங்கேசன்துறையில் தோற்றார். மலையகத்துக்காகப் பேசியதால்தான் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். தோல்விக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கும். ஆனால் தோற்ற பிறகும் அந்தப் பேச்சை அவர் விடவில்லை. 1956இல் திருகோணமலை மாநாட்டில் கட்சி வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று குடியுரிமைச் சட்டங்களை நீக்குவது. 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்கவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் போதும் இதை மேசையில் வைத்து வற்புறுத்தினார். விரைவில் கவனிப்பதாகப் பிரதமர் கூறினார் என்று அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. பேச வந்தது வடக்கு கிழக்கின் மண்டல சபைகளைப் பற்றி. கூடவே மலைநாட்டு மக்களின் வழக்குக் கட்டையும் கையில் எடுத்துப்போயிருக்கிறார். அடுத்த ஏப்ரலில் அந்த ஒப்பந்தமே கைவிடப்பட்டது.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகப் பெரியவரிடம் சொல்லவில்லை. கொஞ்சம்தான் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார். பச்சை வண்ணம் உரிந்து, மூலைகளில் துரு ஏறிய பெட்டி. மூடியின் உட்புறத்தில் முருகன் படம். உள்ளே துணி இல்லை, காகிதங்கள்தான். ஒவ்வொன்றும் நெகிழி உறையில், நாள் வரிசையில்.

அடியிலிருந்து எடுத்தார். முதலில் ஒரு பழைய ஆங்கிலக் கடிதம். "எங்கப்பாவுக்கு வந்தது. என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிச்சுச் சொல்லுங்க தம்பி. கேட்டவங்க எல்லாம் 'கெடைக்கலன்னு போட்டிருக்கு'ன்னு மட்டும்தான் சொன்னாங்க."

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த விண்ணப்பம் தள்ளுபடியான கடிதம் அது. அந்தச் சட்டப்படி 1946க்கு முன்னால், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவெளி இல்லாமல் இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. வரிக்கு வரி தமிழில் சொன்னேன். தொடர்ந்து வாழ்ந்ததற்குப் போதிய சான்று இல்லை என்பதுதான் சாரம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தாத்தா செத்ததுக்கு ஊருக்குப் போயிருந்தாரு. துறையூர்ப் பக்கம். வயக்காட்டுப் பிரச்சினை, வர ஒரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. அதான்."

நீதிமன்றத்துக்குப் போகவில்லையா என்று யாரும் கேட்கலாம். போனார்கள். கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரினார். குடியுரிமைச் சட்டம் ஒரு சமூகத்தை மட்டும் பாதிப்பதால் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று திருத்த அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 1951இல் அதைத் தள்ளியது. லண்டன் பிரிவிக் கவுன்சில் 1953 மே மாதம் அதையே உறுதிசெய்தது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்படவில்லையே, எல்லாருக்கும் பொதுவான விதிதானே என்றார்கள். தமிழர்கள் சட்டத்தை நம்பி ஏறிய படிகளில் மிக உயரமான படி அது. அங்கிருந்துதான் விழுந்தார்கள்.

அடுத்து ஒரு கடவுச்சீட்டு. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்தது. குடும்பமே ஒரே படத்தில் நெருக்கி நிற்கிறது. அதற்கு மேல் குடும்ப அட்டை. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் ஒருவரையும் கேட்கவில்லை. தொண்டமான் எதிர்த்தார், பயன் இல்லை.

"அழுகைக் கோச்சி தம்பி" என்றார் பெரியவர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர். அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று குடும்பங்கள் பிரிந்த மேடைகள் அவை. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். "எங்களுக்கு வியாபாரக் கடன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கொழுந்து கிள்ளுன கைக்குக் கடை எப்படி வரும்? ஒரு வருஷத்துல முடிஞ்சுபோச்சு. கூடலூர்ல மலை இருக்கு, தேயில இருக்கு, நம்ம சனங்க இருக்குன்னு சொன்னாங்க. மலைன்னதும் வந்துட்டோம்." 1984இல் கப்பல் நிற்கும் வரை, இந்த உடன்படிக்கைகளின் கீழ் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். அரசு அவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் திட்டம் பிறகு 'டான்டீ' கழகமாக வளர்ந்தது. அதில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களுக்கும், இந்த மாதிரிச் சரிவுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

பெட்டியின் மேல்பாதிக் காகிதங்கள் எல்லாம் இந்த மண்ணுக்கு உரியவை. வீட்டு வரி ரசீது, மின் இணைப்புக் கேட்ட மனு, அதற்கு வந்த பதில், மறுபடி மனு. இந்தச் சரிவு 'பதினேழு' நிலம் என்றார். ஓவேலியில் குழந்தைக்கும் தெரியும் அந்த எண். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம், 1974 நவம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. பரம்பரை நிலவுடைமையாளர்களான ஜன்மிகளின் உரிமை போனது. தாமே உழுதவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா வழி பிறந்தது. தோட்டங்களுக்குக் குத்தகை விட்ட நிலங்கள் மட்டும் 17ஆம் பிரிவில் தனியாக நின்றன. குத்தகையைத் தொடர்வதா முடிப்பதா என்ற கேள்வி வழக்கு வழக்காகப் போனது. அந்த நிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு விளக்கும் இல்லை.

சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2007 ஜனவரி 11இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன ஐ. ஆர். கோயலோ தீர்ப்பை இந்தியா முழுவதும் படிக்கிறார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த சட்டங்களும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டவை என்றது அது. அந்த வழக்கு கிளம்பியது இந்தக் கூடலூர் ஜன்மச் சட்டத்திலிருந்துதான். காடு என்ற சொல்லுக்கே புதுப் பொருள் கொடுத்த 1996 டிசம்பர் 12 உத்தரவு, நிலம்பூர் கோவிலகத்தின் டி. என். கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்ப் பக்கத்து மரவெட்டை எதிர்த்துப் போட்ட வழக்கில் வந்தது. நாட்டின் சட்டப் புத்தகத்தில் இரண்டு பெரிய பக்கங்களை எழுதிய மண் இது. அதன்மேல் குடியிருக்கும் பெரியவரின் பெட்டியில் கைப்பிடி அகலக் காகிதம்கூட அவருக்குச் சாதகமாக இல்லை. அந்தத் தீர்ப்புகள் தவறு என்று நான் சொல்லவில்லை. காடு காக்கப்பட வேண்டும். யானைக்கும் பாதை வேண்டும். எல்லாருக்கும் முந்திய பணியருக்கும் குறும்பருக்கும் மவுண்டாடன் செட்டிமாருக்கும் உரிய இடம் வேண்டும். ஆனால் அங்கே பூட்டனின் சான்றிதழைக் கேட்டது போல, இங்கேயும் அதே குடும்பத்திடம் மறுபடி ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வரமுடியவில்லை.

"இலங்கையில மிச்சம் இருந்தவங்களுக்குக் கெடைச்சிருச்சாமே?" என்று கேட்டார்.

கிடைத்துவிட்டது. 2003இல் ஒரு சட்டத்தின் மூலம், நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் அனைவருக்கும் இலங்கைக் குடியுரிமை வழங்கினார்கள். 1948இலிருந்து 55 ஆண்டு. செல்வநாயகம் இறந்து 26 ஆண்டு. பெரியவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்; "எங்கண்ணன் இருந்திருந்தா பாத்திருப்பாரு" என்றார்.

வெளியே வெளிச்சம் குறையத் தொடங்கியது. பேருந்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. பொன்னம்பலம் என்ன ஆனார் என்று அவர் கேட்டார். நான் சொன்ன கதையில் அவர் மனம் அங்கே மாட்டிக்கொண்டிருந்தது போலும். அதையும் சொன்னேன். 1976இல் அ. அமிர்தலிங்கம் முதலிய தலைவர்கள்மீது கொழும்பில் தனி நீதிமன்றம் அமைத்து விசாரணை நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வழக்கறிஞர்கள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக நின்றார்கள். அந்த வரிசையில் செல்வநாயகமும் இருந்தார், பொன்னம்பலமும் இருந்தார். மலைநாட்டு மக்களுக்காகப் பிரிந்த இருவரும் இருபத்தெட்டு ஆண்டு கழித்து ஒரே தரப்பில் நின்றார்கள். 1977 பிப்ரவரியில் பொன்னம்பலம் போனார். ஏப்ரலில் செல்வநாயகம் போனார்.

"அப்ப சேந்துட்டாங்க" என்றார் அந்த அம்மா. அவர் இத்தனை நேரமும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

வென்றது என்று காட்டச் செல்வநாயகத்திடம் அதிகம் இல்லை. குடியுரிமை வழக்கு தோற்றது. பண்டாரநாயக்க ஒப்பந்தம் கிழிந்தது. 1965இல் டட்லி சேனநாயக்கவோடு செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1961 சத்தியாக்கிரகம் அவரைச் சிறைக்காவலில் கொண்டுபோய் நிறுத்தியது. 1972 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு வந்து பெரியாரையும் மற்ற தலைவர்களையும் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில், கூட்டாட்சி கேட்டே வாழ்ந்த மனிதர், 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்க வேண்டியிருந்தது. அதன் பின்விளைவுகளைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. எனக்கு அவரிடம் தீராத மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று இந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோது தெளிவாகத் தெரிந்தது. ஓட்டு உள்ளவனுக்காக வாதாட எல்லாக் கட்சியிலும் ஆள் இருக்கும். ஓட்டும் இல்லாத, கட்டணமும் தரமுடியாத, தன் ஊர்க்காரரும் அல்லாத கட்சிக்காரருக்காக முப்பது ஆண்டு வாய்தா வாங்காமல் நின்றார் இவர். பெயர்கூடச் சரியாகத் தெரியாமல், ஒரு கங்காணியின் ஆள்கட்டில் வேலை செய்த மனிதர் அதைத் தன் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

என் பையில் செல்வநாயகத்தின் சிறிய படம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாங்கிய நினைவு மலரின் உள்ளட்டை. கண்ணாடி, ஒட்டிய கன்னம், சிரிக்காத முகம். எடுத்துக் காட்டினேன். பெரியவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ரொம்ப மெலிஞ்சிருக்காரே."

பிறகு என்னைக் கேட்காமலே காகிதங்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார். அடியில் அப்பாவின் கடிதம். அதன்மேல் அந்தப் படத்தை வைத்தார். அதற்கு மேல் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, ரசீதுகள், மின் இணைப்பு மனு.

"சுவத்துல மாட்டலாமே" என்றார் அம்மா.

"வக்கீலு கேஸ் கட்டோடதான் இருக்கணும்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

கீழே வளைவில் பேருந்து ஒலி கேட்டது. பெரியசோலைப் பக்கம் ஒற்றை யானை நிற்கிறதாம், இன்றைக்கு இதுதான் கடைசி வண்டி என்று யாரோ சத்தம் போட்டார்கள். பெரியவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேயிலைச் சந்து வழியாகச் சாலை வரை என்னோடு வந்தார். வண்டி கிளம்பிய பிறகும் அந்த வெளிச்சம் கொஞ்ச தூரம் சாலையில் விழுந்துகொண்டிருந்தது.